நம்ம பணம், நம்ம கணக்கு

"கந்தோருக்குப் போனா காரியம் நடக்காது, ஆளைப் பிடிச்சாத்தான் நடக்கும்." லயத்து வாசலில் இந்தப் பேச்சைக் கேட்காத நாள் உண்டா? பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஓர் எழுத்துப் பிழை. அதைத் திருத்த வேண்டும். உடனே நேராகப் பிரதேச செயலகத்துக்குப் போகிறோமா? இல்லை. "அங்க நமக்குத் தெரிஞ்ச ஆள் யாரு?" என்றுதான் முதலில் தேடுகிறோம். தலைவரிடம் ஒரு கடிதம் வாங்குகிறோம். டவுனில் போரம் நிரப்பிக் கொடுப்பவருக்குக் காசு கொடுக்கிறோம். ஒரு நாள் பேரையும் விட்டு, பஸ் செலவும் செய்து போனால், "ஐயா லீவு, நாளைக்கு வா" என்ற பதில்.

இது நமது தோட்டங்களில் மட்டும் உள்ள பழக்கம் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவிலும், பாகிஸ்தானிலும், வங்காளதேசத்திலும், நேபாளத்திலும் ஏழைச் சனங்கள் இப்படித்தான் இருக்கிறார்கள். அலுவலகத்தை நம்புவதில்லை; அலுவலகத்தில் தெரிந்த ஒருவரை நம்புகிறார்கள். சட்டப்படி நமக்கு உரிய ஒன்றை, யாரோ தயவு பண்ணித் தந்ததாக வாங்கி வருகிறோம். வாங்கிய பிறகு அவருக்குக் கடன்பட்டவர்களாகவும் ஆகிவிடுகிறோம். தேர்தல் காலத்தில் அந்தக் கடனுக்கு வட்டியும் கேட்பார்கள்.

இந்த மாதப் பாடம் இதைப் பற்றியது. அரசாங்க அலுவலகத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை ஏன் வரவில்லை? அதை வர வைக்க, நம்மைப் போலக் கூலி வேலை செய்தவர்கள் எங்கேயாவது ஏதாவது செய்திருக்கிறார்களா?

நம்பிக்கை ஏன் இல்லை?

ஒரு காரணம் பழையது. இந்த நாடுகளில் பெரும்பாலானவற்றில் இன்று நாம் காணும் கச்சேரிகளும் கந்தோர்களும் வெள்ளைக்காரன் காலத்தில் அமைந்தவை. வரி வசூலிக்கவும் சனங்களை அடக்கி வைத்திருக்கவும்தான் அவற்றை அமைத்தார்கள். சனங்களுக்குக் கணக்குச் சொல்வது அவற்றின் வேலையாக இருக்கவில்லை. 1923 இல் பிரித்தானிய இந்தியாவில் அரச இரகசியச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். சுதந்திரம் கிடைத்த பின்னும் அது போகவில்லை. நமது நாட்டிலும் 1955 இல், அதாவது சுதந்திரத்துக்கு ஏழு ஆண்டுகள் கழித்து, அதே பெயரில் ஒரு சட்டம் வந்தது. உளவு பார்ப்பவர்களைப் பிடிக்கத்தான் இப்படிப்பட்ட சட்டங்கள் என்பார்கள். ஆனால் அலுவலகங்களில் அது ஒரு குணமாகவே ஊறிப்போனது. பைலைப் பொத்தி வைப்பதுதான் உத்தியோகம் என்று ஆகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் கந்தோரை நம்பவில்லை என்றால், கந்தோரும் நம்மை நம்பவில்லை. ஒரே விசயத்துக்கு எத்தனை அத்தாட்சி கேட்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கிராம உத்தியோகத்தர் கையொப்பம், தோட்டத் துரையின் கடிதம், சமாதான நீதவானின் முத்திரை. நீ நீதான் என்று மூன்று பேர் சொன்னால்தான் நம்புவார்கள்.

மலையகத்தில் நமக்கு இது வெறும் அலைச்சல் அல்ல. நமது பெற்றோரும் பாட்டன் பாட்டியும் ஒரு தாளினால் வாழ்க்கையையே இழந்தவர்கள். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரை ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டு, 1949 இல், விண்ணப்பம் போட்டுப் பிரஜாவுரிமை பெறலாம் என்று ஒரு சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன், மணமானவர்கள் 7 ஆண்டுகளும் மணமாகாதவர்கள் 10 ஆண்டுகளும் இந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததாக நிரூபிக்க வேண்டும் என்றார்கள். பிறப்பையே பதியாத சனம் எதைக் காட்டி நிரூபிக்கும்? எட்டு இலட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பம் போடப்பட்டது. கிடைத்தது சுமார் 134,000 பேருக்குத்தான். 1964 இல் இரண்டு பிரதமர்கள் கூடி, இத்தனை இலட்சம் பேர் உனக்கு, இத்தனை இலட்சம் பேர் எனக்கு என்று பங்கு போட்டார்கள். கடைசியாக எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை இந்தக் கதை முடியவில்லை.

அப்படிப்பட்ட அனுபவம் உள்ள சனத்திடம் "அரசாங்கத்தை நம்புங்கள்" என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம்பாமல் ஒதுங்கியிருப்பதாலும் நமக்கு ஒன்றும் கிடைக்காது. நாம் ஒதுங்கினால், நமது பங்கை வேறு யாரோ எடுத்துக்கொள்வார்கள்.

ராஜஸ்தானத்து அரைப்பேர்

இனி வட இந்தியாவுக்குப் போவோம். ராஜஸ்தான் மாநிலம் வறண்ட பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் அரசாங்கம் அங்கே பஞ்ச நிவாரண வேலை கொடுக்கும். குளம் வெட்டுதல், ரோட்டுக்கு மண் போடுதல், கல் சுமத்தல் போன்ற வேலைகள். வேலைக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். சட்டப்படி குறைந்தபட்ச நாட்சம்பளம் என்று ஒரு தொகை இருந்தது. ஆனால் கையில் வந்தது அதற்குக் குறைவு, சில வேளை அதில் பாதிதான்.

ஏன் குறைகிறது என்று கேட்டால், "நீங்க வெட்டின மண் அளவுக்குக் காணாது" என்பார்கள். நமது பக்கத்தில் கொழுந்து கிலோ காணாவிட்டால் அரைப்பேர் போடுகிறார்களே, அதே கதைதான். "நாங்க நாள் முழுக்க வேலை செஞ்சோம், அளந்த கணக்கைக் காட்டுங்க" என்றால், "அது அரசாங்கப் பதிவு, இரகசியம், காட்ட முடியாது" என்பது பதில். இங்கே நாம் செக்ரோல் என்று சொல்வதை அங்கே மஸ்டர் ரோல் என்பார்கள். யார் வேலைக்கு வந்தார், எத்தனை நாள், எவ்வளவு சம்பளம், கைநாட்டு எல்லாம் அதில்தான் இருக்கும். யாருடைய உழைப்பைப் பற்றிய புத்தகமோ அவர்களுக்கே அதைப் பார்க்க அனுமதி இல்லை!

1987 இல் அந்தப் பகுதியில் தேவ்துங்கிரி என்ற சிறு கிராமத்தில் மூன்று பேர் ஒரு மண் வீட்டில் வந்து குடியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் அருணா ராய். இந்திய ஆட்சிப் பணியில் பெரிய உத்தியோகத்தில் இருந்து, 1975 இல் அதை விட்டு வந்தவர். மற்ற இருவர் நிகில் டே, சங்கர் சிங். சங்கர் சிங் அந்தப் பக்கத்துக் கிராமத்தவர். பாட்டும் பொம்மலாட்டமுமாகக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர். ஊர்ச் சனங்களோடு சேர்ந்து இவர்கள் 1990 மே தினத்தன்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்று அதற்குப் பெயர். தொழிலாளர், விவசாயிகளின் பலத்துக்கான அமைப்பு என்று அர்த்தம்.

முதலில் சம்பளத்துக்காக உண்ணாவிரதம் இருந்தார்கள், மறியல் செய்தார்கள். கொஞ்சம் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே சுவரில் போய் முட்டிக்கொண்டார்கள். "பதிவில் அப்படித்தான் இருக்கிறது." அப்போதுதான் அந்தக் கிராமத்துச் சனங்களுக்கு ஒன்று விளங்கியது. சண்டை போட வேண்டியது சம்பளத்துக்கு மட்டும் அல்ல, பதிவுக்கும்தான். புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் உண்மை என்று ஆகிவிடுகிறது.

1994 டிசம்பர் 2 ஆம் திகதி, கோட் கிரானா என்ற ஊரில் கூடாரம் போட்டு ஒரு கூட்டம் வைத்தார்கள். ஜன் சுன்வாய், அதாவது மக்கள் விசாரணை, என்று அதற்குப் பெயர். மனமுள்ள ஓர் அதிகாரி பதிவுகளைப் பார்க்க விட்டிருந்தார். அவற்றை எழுதி எடுத்து வந்து, ஊர் முன்னால் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். மேடைப் பேச்சு ஒன்றும் இல்லை. இன்னார் இத்தனை நாள் இந்த வேலை செய்தார், இவ்வளவு சம்பளம் வாங்கினார் என்று வரி வரியாக வாசிப்பார்கள். பேருக்குரியவர் எழுந்து, உண்டா இல்லையா என்று சொல்வார். அவ்வளவுதான்.

அதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அந்த வேலைத்தலத்தை எட்டியும் பார்க்காதவர்களின் பெயரில் சம்பளம் எடுத்திருந்தார்கள். ஊரை விட்டுப் போனவர் பெயரில் எடுத்திருந்தார்கள். செத்தவர் பெயரிலும் எடுத்திருந்தார்கள். கட்டி முடித்ததாகப் புத்தகத்தில் இருந்த கட்டடம் அரைகுறையாக நிற்பதைச் சனங்கள் கையைக் காட்டிச் சொன்னார்கள். எழுத வாசிக்கத் தெரியாத பெண்கள்தான் அதிகம் பேசினார்கள். தான் வேலை செய்த நாள் எது, செய்யாத நாள் எது என்று சொல்ல எழுத்தறிவு வேண்டியதில்லையே!

அடுத்தடுத்து வேறு ஊர்களிலும் இப்படி வைத்தார்கள். எதிர்ப்பும் வந்தது. பதிவைக் காட்ட மாட்டோம் என்று கிராம மட்ட உத்தியோகத்தர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். கணக்குக் கேட்டதற்கு வேலைநிறுத்தம் என்றால் உள்ளே என்ன இருந்தது என்று நாம் ஊகிக்கலாம். 1995 ஏப்ரலில் மாநில முதலமைச்சர், மக்கள் பதிவுகளின் பிரதியைக் காசு கட்டி எடுக்கலாம் என்று சட்டசபையில் வாக்குக் கொடுத்தார். ஓராண்டு போயிற்று. வந்த உத்தரவு என்ன தெரியுமா? புத்தகத்தைப் பார்க்கலாம், கையால் குறிப்பு எடுக்கலாம், பிரதி கிடையாது! கையால் எழுதியதை எந்த நீதிமன்றம் ஏற்கும்?

1996 ஏப்ரலில் பியாவர் என்ற பட்டணத்தில் சனங்கள் உட்கார்ந்துவிட்டார்கள். 40 நாள். கிராமங்களில் இருந்து தானியம் வந்தது. பட்டணத்துக் கடைக்காரர்களும் உதவினார்கள். கொளுத்தும் வெயிலில் பாட்டும் கூத்தும் பேச்சுமாகத் தெருவோரத்தில் நாட்கள் போயின. "நம்ம பணம், நம்ம கணக்கு" என்பதுதான் அவர்கள் எழுப்பிய கோசம்.

அந்தச் சங்கத்தில் சுசீலா என்றொரு பெண். நாலாம் வகுப்பு வரைதான் படிப்பு. உங்களுக்கு எதற்கு இந்தத் தகவல் எல்லாம் என்று டில்லியில் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது அவர் சொன்ன நியாயம் பிரசித்தமானது. மகனிடம் பத்து ரூபா கொடுத்துக் கடைக்கு அனுப்பினால், திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன். என் பேரைச் சொல்லி அரசாங்கம் கோடிக் கணக்கில் செலவு செய்கிறது, அதற்குக் கணக்குக் கேட்க வேண்டாமா என்றார். வீட்டுச் செலவை இழுத்துப் பிடிக்கும் எந்தத் தாய்க்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை.

ராஜஸ்தானில் 2000 ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. (தமிழ்நாடு 1997 இலேயே ஒரு சட்டம் போட்டுவிட்டது. ஆனால் எதைக் கொடுக்க மாட்டோம் என்ற பட்டியல் அதில் நீளமாக இருந்தது.) 2005 இல் முழு இந்தியாவுக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது; அதே ஆண்டு அக்டோபர் 12 இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் வந்த கிராமப்புற வேலை உறுதிச் சட்டத்திலும், கணக்கை ஊர்ச் சபை முன் வைத்துச் சோதிக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். கோட் கிரானாக் கூடாரத்தில் தொடங்கியது சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

கணக்கைத் திறந்தால் நம்பிக்கை வருமா?

உடனே வராது. உண்மையைச் சொன்னால், முதலில் இருக்கிற நம்பிக்கையும் போகும். மூடியிருந்த பெட்டியைத் திறந்தால் முதலில் கரப்பான்தான் ஓடும். ஆனால் ராஜஸ்தானில் இன்னொன்றும் நடந்தது. 1998 இல் சில ஊராட்சித் தலைவர்கள், எடுத்த பணத்தை ஊர் முன்னாலேயே திருப்பிக் கட்டினார்கள். அடித்து உதைத்து வாங்கியதல்ல. கணக்கு எல்லாருக்கும் தெரிந்த பிறகு மறைக்க இடமில்லாமல் போனது. அடுத்த தடவை கைநாட்டு வாங்குகிறவர், இதை நாளை ஊர் முன்னால் வாசிப்பார்களே என்று யோசிப்பார். நேர்மையான உத்தியோகத்தருக்கும் இது நல்லது. மேலே இருப்பவர் கள்ளக் கணக்கு எழுதச் சொன்னால், "சனங்கள் கேட்பார்கள் ஐயா" என்று தட்டிக் கழிக்க அவருக்கு ஒரு வழி கிடைக்கிறது.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டோம். குஜராத்தில் சட்டவிரோதக் கல் அகழ்வைப் பற்றித் தகவல் கேட்டு வழக்கும் போட்ட அமித் ஜேத்வா என்பவரை 2010 இல் உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். சட்டத்தை மெல்ல மெல்லப் பலவீனப்படுத்தும் வேலையும் நடக்கிறது. தகவல் ஆணையாளர்களின் பதவிக் காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே தீர்மானிக்கலாம் என்று 2019 இல் இந்தியச் சட்டத்தை மாற்றினார்கள். ஆகையால் தனியாளாகக் கேட்பதிலும் பார்க்க, பத்துப் பேர் சேர்ந்து கேட்பது மேல்.

நமது நாட்டில்

நேபாளத்தில் 2007 இலும், வங்காளதேசத்தில் 2009 இலும் இப்படிச் சட்டங்கள் வந்தன. நமது நாட்டுக்குப் பிந்தித்தான் வந்தது. 2015 இல் அரசியலமைப்பின் 19 ஆம் திருத்தம், தகவல் அறிவதை ஓர் அடிப்படை உரிமை ஆக்கியது. பிறகு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2017 பெப்ரவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இந்த உரிமை இலங்கைப் பிரஜைகளுக்கு மட்டும் உரியது. பிரஜை என்ற சொல்லின் விலை நமக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்ததை அடையாள அட்டை எடுக்கவும் வோட்டுப் போடவும் மட்டும்தானா வைத்திருப்பது?

பிரதேச செயலகம், பிரதேச சபை, வலயக் கல்வி அலுவலகம், அரசாங்க ஆஸ்பத்திரி, தொழில் திணைக்களம், அமைச்சுகள் எல்லாம் இந்தச் சட்டத்துக்குள் வரும். அஸ்வெசும பட்டியலில் நமது குடும்பத்தின் பெயர் ஏன் வரவில்லை, எத்தனை புள்ளி போட்டார்கள் என்று கேட்கலாம். தோட்டப் பாதைக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, ஒப்பந்தகாரர் யார், வேலை எப்போது முடிய வேண்டும் என்று கேட்கலாம். பாடசாலைக்கு எத்தனை ஆசிரியர்கள் அனுமதிக்கப்பட்டிருக்கிறார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். சேமலாப நிதிக்குச் சட்டப்படி தொழிலாளியிடம் குறைந்தது 8 வீதமும் முதலாளியிடம் 12 வீதமும் போக வேண்டும். அது போனதா என்று தொழில் திணைக்களத்தைக் கேட்கலாம்.

தோட்டத்து ஆபீசில் போய் இந்தச் சட்டத்தைக் காட்டி "செக்ரோலை எடு" என்று சொல்வது மட்டும் லேசில் நடக்காது. கம்பனித் தோட்டம் அரச அலுவலகம் அல்ல. ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் தோட்டங்கள் வேறு. அந்த நிறுவனங்கள் அரசுக்குரியவை. கம்பனித் தோட்டத்துக்காரர்கள், கம்பனியை மேற்பார்வை செய்யும் அரச திணைக்களத்திடம் கேட்பதே வழி. பிற ஆட்களின் சொந்த விவரங்கள், நாட்டின் பாதுகாப்பு போன்ற சிலவற்றைக் கொடுக்க மறுக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

எப்படிக் கேட்பது? ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். அவர் யார் என்று அறிவித்தல் போட்டிருக்க வேண்டும். அவருக்கு ஒரு கடிதம், தமிழிலேயே, இந்த மாதிரி எழுதினால் போதும்:

"தகவல் அலுவலர் அவர்களுக்கு, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பின்வரும் தகவல்களைக் கேட்கிறேன். எங்கள் தோட்டத்தின் மேற்பிரிவுக்குச் செல்லும் பாதையைத் திருத்த இந்த ஆண்டு ஒதுக்கிய தொகை எவ்வளவு? இதுவரை செலவான தொகை எவ்வளவு? வேலையை ஒப்பந்தம் எடுத்தவர் யார்? ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று தேவை. இப்படிக்கு..." பெயர், விலாசம், திகதி, கையொப்பம்.

கேள்வி சின்னதாகவும் தெளிவாகவும் இருக்கட்டும். "ஏன் எங்களைக் கவனிப்பதில்லை?" என்று எழுதினால் அதற்குத் தகவல் கிடையாது, அது முறைப்பாடு. எவ்வளவு, எப்போது, யார், எந்தப் பிரதி என்று கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தை நீங்கள் சொல்லத் தேவையில்லை. அவர்கள் வற்புறுத்தவும் கூடாது. கொடுத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வாங்காமல் அந்த இடத்தை விட்டு வராதீர்கள்.

தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். தருவதென்றால் அதிலிருந்து 14 நாட்களில் தர வேண்டும். தகவல் நிறைய இருந்தால் இன்னும் 21 நாள் வரை எடுக்கலாம். ஓர் ஆளின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய விசயம் என்றால் 48 மணித்தியாலம்தான். மறுத்தாலோ பதிலே இல்லாவிட்டாலோ, அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதத்துக்குள் எழுதலாம். திகதிகளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். அநேகர் தோற்பது திகதியைத் தவற விட்டுத்தான்.

தலைவர்மார் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இப்படி ஒரு கடிதம் எழுதத் தெரிந்த தலைவர் கிடைத்தால் நல்லதுதான். கடிதத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும், பற்றுச்சீட்டு உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும்.

லயத்தில் எழுத வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். எழுத முடியாதவர் நேரில் போய் வாயால் கேட்கலாம். அவர் சொல்வதை எழுதி எடுக்க வேண்டியது தகவல் அலுவலரின் கடமை என்று சட்டம் சொல்கிறது. எழுதியதை ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிறகு கைநாட்டு வைக்கட்டும்.